ஹல்லாவில் எதை மாற்றலாம்

"ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் செய்ய வேண்டியதுதானே?" யூதர்கள் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்குப் புரி புரியாகப் பின்னிச் சுடுகிற பாணான ஹல்லாவை நான் சுடப் பழகத் தொடங்கிய நாளிலிருந்து இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா தொலைபேசியில் சொன்னார். அம்மா குசினி வாசலில் நின்று சொன்னார். மேல் மாடியில் இருக்கும் அன்ரி, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், கேக் அடிப்பதில் கைதேர்ந்தவர், அவரும் சொன்னார். எண்ணெய்க்குப் பதில் பட்டர் போடு, தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் விடு, இரண்டு ஏலக்காய் இடித்துப் போடு, மேலே முட்டைக்குப் பதில் ரின்பால் பூசு. ஒவ்வொன்றும் நல்ல யோசனைதான். செய்தால் ருசியாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் உடனே சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவர்கள் பக்கத்து நியாயமும் சின்னதல்ல. நம் நாட்டில் வெளியிலிருந்து வந்து நம்முடையதாக மாறாத தின்பண்டம் எது? பாண் போர்த்துக்கேயரோடு வந்தது. சோறும் கறியும் வாழையிலையில் பொதிந்து சுடுகிற லம்ப்ரைஸ் பறங்கியர் வீடுகளில் உருவானது. மாலையானால் வெள்ளவத்தைச் சந்துகளில் பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு வருகிற சூன்பாண் ஓட்டோவில் முதலை வடிவப் பணிஸ் இருக்கும், மாலுப் பாண் இருக்கும், மேலே சீனி தூவிய ஏதேதோ இருக்கும். அதை எந்த ஐரோப்பியனிடம் காட்டினாலும் தன்னுடையது என்று சொல்லமாட்டான். இப்படி எல்லாவற்றையும் வளைத்து நம்முடையதாக்கிக்கொண்ட ஊரில், ஒரு பாணை மட்டும் வளைக்கமாட்டேன் என்று நிற்பது வீம்பா? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

ஹல்லாவை நான் முதலில் சாப்பிட்டது ரொறன்ரோவில். அக்காவின் வீடு பாத்தர்ஸ்ட் வீதிக்குக் கிட்ட. அந்த வட்டாரத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை மத்தியானம் பேக்கரிகளுக்கு முன்னால் பாண் வாங்கக் கூட்டம் நிற்கும். ஆனால் நான் சாப்பிட்டது கடையில் வாங்கியது அல்ல. பக்கத்து வீட்டுப் பெண் தன் வீட்டில் சுட்டதைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து தந்தார். ஒரு புரியைப் பிடித்து இழுத்தேன். அது பிய்ந்து வரவில்லை, நார் நாராக உரிந்து வந்தது. தோல் மெல்லியது, உள்ளே இளமஞ்சள், ஒரு துளி இனிப்பு. பட்டர் வாசனை துளியும் இல்லை. ஆனால் வெறும் பாணும் இல்லை. என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு மா, முட்டை, எண்ணெய், சீனி, உப்பு, ஈஸ்ட், தண்ணீர் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பால் இல்லையா என்றேன். வெள்ளி இரவுச் சாப்பாட்டில் இறைச்சி இருக்கும், அதோடு பால் சேரக்கூடாது, அதனால் பாணிலும் பால், பட்டர் எதுவும் இல்லை என்றார்.

இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்ற அந்த விதி, ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்க வேண்டாம் என்று வேதாகமத்தில் மூன்று இடங்களில் வருகிற ஒரே வசனத்திலிருந்து வளர்ந்தது. அதிலிருந்து கிளைத்த கட்டளைகளில் ஒன்று, பொதுவாகச் சாப்பிடுகிற பாணில் பால் கலக்கக்கூடாது, யாராவது தெரியாமல் இறைச்சியோடு சாப்பிட்டுவிடுவார்கள் என்பது. இன்னும் பல ஒழுங்குகளும் உண்டு. மேசையில் இரண்டு பாண் வைக்க வேண்டும், ஏனென்றால் வனாந்தரத்தில் அவர்களுடைய முன்னோருக்கு மன்னா என்ற உணவு வானத்திலிருந்து பொழிந்த காலத்தில் ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது. மேலும் கீழும் துணி, ஏனென்றால் மன்னா பனிக்கு நடுவே கிடந்தது என்பது மரபு. எள்ளு தூவுவது அந்த மன்னாவின் நினைவு. ஆறு புரியில் பின்னிய இரண்டு பாண்கள் சேர்ந்தால் பன்னிரண்டு புரி, அது எருசலேம் ஆலயத்தில் கடவுளின் முன் வைத்த 12 சமுகத்தப்பங்களைக் குறிக்கும் என்பவர்களும் உண்டு. துண்டு பிய்த்து உப்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். யூதப் புதுவருடத்துக்கு நீளப் பின்னல் இல்லை, வட்டமாகச் சுருட்டிச் சுடுவார்கள்.

நிறைய மா குழைக்கும்போது ஒரு சிறு உருண்டையைத் தனியே கிள்ளி எடுத்து எரித்துவிடுவார்கள். ஆலயம் இருந்த காலத்தில் அது குருமாருக்குப் போன பங்கு. சனிக்கிழமை விரதத்தில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் இலையில் கை வைப்பதில்லை. ஆகையால் அந்த உருண்டை எனக்கு உடனே விளங்கியது. ஆனால் நான் அதைச் செய்வதில்லை. நான் குழைப்பது 500 கிராம், அந்தக் கடமை வருகிற அளவே ஒரு கிலோவுக்கு மேல்தான். அதைவிட, அப்போது சொல்கிற பிரார்த்தனையைச் சொல்ல நான் யார்? அவர்களுடைய பாணைச் சுடலாம், அவர்களுடைய வேண்டுதலை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் முடிவு.

31 பாகையில் ஒரு பின்னல்

கொழும்பில் ஹல்லா சுடுவதில் உள்ள முழுச் சிக்கலும் சூட்டில்தான் இருக்கிறது. எந்தச் செய்முறையை எடுத்தாலும் "அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலம் பொங்க விடவும்" என்றிருக்கும். அந்த அறை ரொறன்ரோவில் 20, 21 பாகை. என் குசினி பின்னேரத்தில் 31. ஈஸ்ட்டின் வேகம் பத்துப் பாகை கூடினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அவர்கள் இரண்டு மணித்தியாலம் என்பது இங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அச்சுப் பாணாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், தகரத்தின் சுவர்கள் மாவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னலுக்குச் சுவர் இல்லை. அது தன் பலத்தில் நிற்க வேண்டும்.

என் மேசையில் நடந்தது இதுதான். மாவை ஆறாகப் பிரித்து ஒவ்வொன்றாக உருட்டி நீட்டுகிறேன். ஆறாவது புரியை உருட்டி முடிப்பதற்குள் முதலாவது புரி பொங்கிவிட்டது. ஒரே பின்னலில் வெவ்வேறு வயதுப் புரிகள். சூட்டில் ஒன்று ஊதும், பக்கத்தில் இருப்பது பின்தங்கும். வெளியே எடுக்கும்போது பின்னல் கோடுகள் அழிந்து தட்டையான ஒரு பலகைதான் மிஞ்சும். முகர்ந்தால் மெல்லிய சாராய வாடை. சரி, நேரத்தைக் குறைப்போம் என்று வேகமாகச் செய்தால் மா இளகியிருக்காது, நீட்ட நீட்டப் பின்னால் சுருங்கும், சூட்டில் போட்டதும் புரிகளுக்கிடையில் வெள்ளையாக வெடிக்கும். ஈஸ்ட்டைக் குறைத்தும் பார்த்தேன். கொஞ்சம் மெதுவானது, ஆனால் காலையில் ஒரு விதமாகவும் மழை விட்ட பின்னேரத்தில் வேறு விதமாகவும் வந்தது. ஒரு நாள் சரிவந்தால் மறுநாள் அதே கணக்குப் பிழைக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் கை பழகிய மா வேறு. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மாவை அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுப்போம். அவித்ததும் மாவின் இழுவை போய்விடும். குளூட்டன் என்கிற அந்தப் புரதப் பின்னலைச் சூடு கெடுத்துவிடும். இடியப்பம் உரலில் லேசாக இறங்குவதும் பிட்டு உதிரியாக வருவதும் அதனால்தான். அம்மாவின் கைக்கு மா ஒட்டாமல், இழுபடாமல் இருப்பதுதான் பதம். ஹல்லாவுக்கு நேரெதிர். கால் மணித்தியாலமாவது விடாமல் குழைத்து, சிறு துண்டை விரித்துப் பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இழுவை வர வேண்டும். நான் குழைப்பதைப் பார்த்து "மாவைக் கொல்லுறாய்" என்று அம்மா பதறியதில் ஆச்சரியமே இல்லை.

மாவும் லேசான விஷயமல்ல. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வருகிற தானியம்தான் 1980 முதல் திருகோணமலைச் சீனக்குடாவிலும், பின்னாளில் கொழும்பிலும் அரைபடுகிறது. சாதாரண மாவிலும் ஹல்லா வரும், பாணுக்கென்று விற்கிற மாவில் இழுவை கூடுதல், பின்னல் நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டுச் செய்முறையில் கோப்பைக் கணக்கில் சொல்வதை நம்பக் கூடாது. தராசு வேண்டும். முட்டையையும் நிறுத்துப் போட வேண்டும், நம் ஊர் முட்டை பெரும்பாலும் சின்னது. முட்டையை ஒவ்வொன்றாக ஒரு கிளாஸில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது அவர்கள் வழக்கம். இதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். மத விதி என்றில்லாமலே எல்லாக் குசினிக்கும் நல்ல பழக்கம் அது.

ஐஸ்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் எப்போதாவது பாண் வாங்குகிற ஒரு பழைய பேக்கரி இருக்கிறது, இன்னும் விறகுப் போறணைதான். அங்கே மா போடுகிறவர் மலையகத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எல்லோருக்கும் அவர் பாஸ். ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அவரிடம் என் பின்னல் கதையைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, "உள்ள வாங்க தங்கச்சி" என்றார்.

உள்ளே போறணையின் வாயை மூடியிருந்தார்கள். அப்படியும் அந்த அறையில் நிற்க முடியாத வெக்கை. பின்னேரப் பாணுக்கு மா போட வேண்டிய நேரம். மூலையில் பெரிய ரெஜிஃபோம் பெட்டி ஒன்று. மூடியைத் திறந்தார், முழுவதும் ஐஸ். ஒரு சாக்கில் கொஞ்சத்தை அள்ளி, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டையால் அடித்தார். நொறுங்கியதைத் தராசில் வைத்து நிறுத்தார். பிறகு தண்ணீரை அதே அளவுக்குக் குறைத்தார். ஐஸும் தண்ணீர்தான், நிறையில் சேர வேண்டும் அல்லவா. அதைச் செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்தார், அதுதான் எனக்கு மறக்கவில்லை. மா மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, சில வினாடி அப்படியே வைத்திருந்தார். "இன்னைக்கி மா சூடா இருக்கு, லொறியில இருந்து காலையிலதான் எறக்குனாங்க" என்று இன்னொரு பிடி ஐஸ் சேர்த்தார்.

மெஷினில் குழைத்து முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி என் கையில் தந்தார். அந்த வெக்கையில், போறணைக்குப் பத்தடி தூரத்தில், அந்த மா குளிர்ந்திருந்தது. மேல் தோல் வழுவழுப்பாக, ஒட்டாமல், அழுத்தினால் மெதுவாகத் திரும்பி வந்தது. இத்தனை நாளாக என் மேசையில் இருந்தது இந்தப் பொருளே அல்ல என்று விரலுக்கே தெரிந்தது.

"வெயில்னா நேரத்தக் கொறைக்கலாம்னு நெனைப்பாங்க" என்றார். "நேரத்தக் கொறைச்சா பாணுக்கு ருசி இருக்காது. நாலு மணிக்கு ஆளுக வந்துருவாங்க, மழையோ வெயிலோ பாண் அதே பாணா இருக்கணும். நேரம் மாறாம இருக்கணும்னா சூட்டத்தான் பிடிக்கணும்." சுவரில் சோக்குக் கட்டியால் மா போட்ட நேரத்தை எழுதினார். முந்திய நாட்களின் நேரங்களும் அழியாமல் அதற்கு மேலே இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரம்.

நான் கேட்டுப் போனது ஒரு சமையல் குறிப்பு. கிடைத்தது வேறு. அந்த மனிதர் நாள்தோறும் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஐஸ் கூடும், குறையும், தண்ணீர் கூடும், குறையும். அத்தனை மாற்றமும் எதற்காக? பாண் மாறாமல் இருப்பதற்காக. ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகத் தெளிந்தது. கொழும்பின் வெயில் என்னிடம் கேட்பது ஐஸை. பட்டரை அல்ல. பட்டர் ரொறன்ரோவில் கிடைக்காத பொருளா? அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரிஜ்ஜிலும் அது இருந்திருக்கும். இருந்தும் அவர் போடவில்லை. அப்படியென்றால் பட்டர் போடுவது ஊருக்கு ஏற்ற மாற்றமே அல்ல, அது வேறு பாணுக்குப் போகிற வழி. பிரெஞ்சுக்காரர்கள் அந்த வழியில் போய் பிரியோஷ் சுட்டார்கள். அருமையான பாண் அது. ஆனால் வெள்ளி இரவு இறைச்சிக் குழம்போடு மேசையில் வைக்க முடியாத பாண்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பேக்கரிக்காரர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. குழைத்து முடியும்போது மா 26 பாகையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூடு 30, மாவின் சூடு 30, கையால் குழைக்கிற சூட்டுக்கு ஒரு 4 கழித்தால் மிச்சம் 14. தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். மெஷினில் குழைத்தால் உராய்வுச் சூடு அதிகம், தண்ணீர் இன்னும் குளிர வேண்டும். நான் முட்டையையும் பிரிஜ்ஜிலிருந்து நேரே எடுத்துப் போடுகிறேன். வெளிநாட்டுச் செய்முறைகள் வெதுவெதுப்பான தண்ணீர் என்று எழுதியிருப்பதை இந்த ஊரில் மறந்துவிடலாம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் அதை மாவோடு கலந்துவிடலாம், குளிர்ந்த தண்ணீரிலும் அது வேலை செய்யும்.

இப்போது என் அளவு இது: மா 500 கிராம், முட்டை இரண்டு, தண்ணீர் 170 கிராம், எண்ணெய் 60, சீனி 60, உப்பு 9, ஈஸ்ட் 5. மா சற்று இறுக்கமாகத்தான் இருக்கும், இளக்கினால் பின்னல் நிற்காது. குழைத்து அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு, மூடி இரவு முழுவதும் பிரிஜ்ஜில். காலையில் குளிர்ந்த மாவைப் பிரித்து உருட்டும்போது முதலாம் புரிக்கும் ஆறாம் புரிக்கும் வயது வித்தியாசம் இல்லை, எல்லாமே அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. பாதி நீளத்துக்கு உருட்டி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு முழு நீளத்துக்கு நீட்டினால் பின்னால் சுருங்காது. புரிகளின் மேல் சொட்டு மா தடவிப் பின்னினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கரையாமல் கோடு கோடாக நிற்கும். பின்னியதும் ஒரு முறை முட்டை பூச வேண்டும், சூட்டில் வைப்பதற்கு முன் இன்னொரு முறை. முதல் பூச்சு இடுக்குகளுக்குள் இறங்கும், இரண்டாவது மினுக்கம் தரும். மேலே எள்ளு. கசகசாவும் தூவுவார்கள், ஆனால் நம் ஊர்க் கடையில் கசகசா கேட்டால் பலூடாவில் ஊறுகிற விதையைத்தான் தருவார்கள், அது இதற்கு ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் பாதி நிரம்பி மீதி அப்படியே நிற்கிற நேரம் பார்த்து 175 பாகைச் சூட்டில் வைக்கிறேன். என்னுடையது மேசை ஓவன், மேல் கம்பி கிட்ட இருப்பதால் சீனியும் முட்டையும் சீக்கிரம் கறுக்கும், பாதியில் அலுமினியத் தாள் போட வேண்டியிருக்கும். நடுவில் வெப்பமானி குத்தினால் 88, 90 காட்டும்போது வெந்துவிட்டது.

முதல் முறை பின்னல் ஆறு புரியும் தனித்தனியாகத் தெரிய வெளியே வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது வடிவா இருக்கு" என்றார். அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது.

தேங்காயும் வெள்ளிக்கிழமையும்

பட்டர் வேண்டாம் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. தேங்காய்? அதில் பாலே இல்லை, மாட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இறைச்சியோடும் சேரும், பாலோடும் சேரும். தேங்காயெண்ணெயை மறுக்க அவர்களுடைய விதியில் இடமே இல்லை. ஆகவே அதைப் போட்டுப் பார்த்தேன். வாசம் எனக்குப் பிடித்தது, ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். பிரிஜ்ஜில் இரவு முழுவதும் இருந்த மா காலையில் கல்லாக நின்றது, உருட்டினால் வெடித்தது. இளகும் வரை வெளியே வைத்தால் மறுபடி பழைய கதை, ஈஸ்ட் ஓடத் தொடங்கிவிடும். விதி இடம் கொடுத்தது, என் முறை இடம் கொடுக்கவில்லை. சூரியகாந்தி எண்ணெய்க்குத் திரும்பினேன். தேங்காய்ப்பால் விட்டதில் பாண் பாரமாக, நார் உரியாமல் வந்தது. அதைத் துண்டு போட்டு முட்டையில் தோய்த்து பொம்பே டோஸ்ட் சுட்டபோது மட்டும் வீட்டில் தட்டு காலியானது. மிஞ்சிய ஹல்லாவுக்கு அதைவிட நல்ல கதி கிடையாது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஹல்லா வெள்ளிக்கிழமைப் பாண். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, குசினியில் முட்டை நுழையக் கூடாது. அம்மா காலையில் குசினியைக் கழுவி, தலை முழுகி, விளக்கேற்றிய பிறகுதான் அடுப்பு மூட்டுவார். "மற்ற நாளில என்ன வேணுமெண்டாலும் செய். இண்டைக்கு முட்டையை இதுக்குள்ள கொண்டு வராத." ஆகவே நெடுநாளாக நான் ஹல்லா சுட்டது வியாழனில், அல்லது ஞாயிறில். அந்தப் பாணுக்கு உரிய நாளில் மட்டும் அதைச் சுட முடியாது.

அம்மாவின் விதியை நான் மீறவில்லை, மீற நினைக்கவும் இல்லை. இன்னொருவர் வீட்டு விதிக்காகப் பட்டரைத் தள்ளிவைக்கிற நான், என் வீட்டு விதியை எப்படித் தள்ளுவேன்? எனக்கு வழி காட்டியது பாணின் வரலாறுதான். முட்டை ஹல்லாவுக்கு ஆதாரம் அல்ல. தண்ணீர் ஹல்லா என்று முட்டையே இல்லாத வகை உண்டு. ஸ்பெயின், போர்த்துக்கல் வழிவந்த செபார்டி யூதர்கள் பலர் முட்டையும் இனிப்பும் தூக்கலான ஹல்லாவை விரும்புவதே இல்லை, இனிப்புக் கூடினால் அது பலகாரமாகிவிடும், பாணுக்குச் சொல்கிற ஆசீர்வாதம் அதற்குப் பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. ஜெர்மன் யூதர்கள் வெள்ளிக்கிழமைக்குச் சுட்ட பெர்கஸ் என்ற பின்னல் பாணில் முட்டை கிடையாது, அவித்து மசித்த உருளைக்கிழங்கைச் சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கின் மாச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாண் மறுநாளும் மெதுமையாக இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது நிம்மதி மட்டுமல்ல. ஒரு பாணின் விதிகளை வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாமே ஒரே கனமாகத் தெரிகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எது தூண், எது திரைச்சீலை என்று தெரிகிறது. பால் சேராமை தூண். முட்டை அப்படி அல்ல. முட்டையைத் தூண் என்று நான் நினைத்தது, நான் முதலில் சாப்பிட்ட ஹல்லாவில் முட்டை இருந்ததால்தான்.

உருளைக்கிழங்கு ஹல்லாவை வெள்ளிக்கிழமை அம்மாவின் குசினியில், அம்மா பார்த்துக்கொண்டிருக்கச் சுட்டேன். மேலே பூச முட்டைக்குப் பதில் சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சி எடுத்தேன், எள்ளும் ஒட்டியது, மினுக்கமும் வந்தது, முட்டையின் பொன்னிறம் மட்டும் வராது. அம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். இதற்கு ஏன் இரண்டு பாண் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேல் மாடி அன்ரி மன்னாவின் கதையை முழுவதும் சொல்லி முடித்துவிட்டார், சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஒரு வரி விடாமல் நினைவிருக்கிறது அவருக்கு. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஒண்டில ஏலக்காய் போடலாம்தானே" என்றார்.

மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பட்டருக்கு எதிராக நான் பிடித்துக்கொண்ட அதே அளவுகோலை ஏலக்காய்க்கும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதில் பால் இல்லை. அது பின்னலைக் குலைக்காது, ஈஸ்ட்டைத் தடுக்காது. இதுவரை வேண்டாம் என்றதற்குக் காரணம் என் நாக்கு மட்டும்தான், ரொறன்ரோவில் சாப்பிட்டது அப்படி இருக்கவில்லை என்பதுதான். அது போதிய காரணம் அல்ல. ஆகவே இப்போது இரண்டில் ஒன்று ஏலக்காயோடு. ஏலக்காயை இடித்து மாவில் நேரே போட்டால் அங்கங்கே திட்டாக நிற்கிறது, முதல் நாளே எண்ணெயில் போட்டு ஊறவைத்தால் வாசம் சீராகப் பரவுகிறது. உருளைக்கிழங்கு சேர்த்த மா இன்னும் சற்று இளக்கம்தான், கடைசிப் பொங்கலில் பின்னல் கொஞ்சம் தளர்கிறது. வருகிற வெள்ளிக்குத் தண்ணீரை 20 கிராம் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.